பழுதடைந்த எயார் துப்பாக்கியும் பாவித்த ஈயக் குண்டும்

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, தத்தம் வளவிலும் தோட்டத்திலும் நிற்கும் குரங்கு, மலை அணில், மயில் ஆகியவற்றை எண்ணித் தரும்படி அரசு நாடு முழுவதும் கேட்டது. பயிர்த் தொல்லை அந்த அளவுக்கு முற்றியிருக்கிறது. பட்டாசும் தகரமும் அலுத்த பின் எயார் துப்பாக்கியை நாடும் விவசாயிகள் பலர். வாங்குவதைப் பற்றிப் பேச ஆட்கள் உண்டு. அது பழுதடைந்த பின்னும், சுட்ட ஈயக் குண்டுகள் வளவில் சிதறிய பின்னும் என்ன செய்வது என்று சொல்வார் குறைவு. இப்பாடம் அதைப் பற்றியது.

முதலில் துப்பாக்கி. பெரும்பாலான எயார் துப்பாக்கிகளில் ஒரு சுருள்வில் இருக்கிறது. அதை அமுக்கி வைத்து விசையைத் தட்டும்போது அது பாய்ந்து காற்றை நெருக்குகிறது. அந்தக் காற்றே குண்டைத் தள்ளுகிறது. "வேலை செய்யவில்லை" என்று மூலையில் போட்ட துப்பாக்கிக்குள் வில் அமுங்கியபடியும், குழலுக்குள் குண்டு இருந்தபடியும் கிடக்கலாம். எனவே பழுதடைந்ததையும் சுடக்கூடியதாகவே எண்ணிக் கையாள வேண்டும். வாய் நிலத்தை நோக்கி இருக்கட்டும். குழல் மடியும் வகையில், மடித்த இடத்தில் விரலை வைக்க வேண்டாம். விசை நழுவினால் குழல் படீரென்று மூடி விரலை நசுக்கிவிடும். வில் அமுங்காத நிலையிலும் ஓரளவு இறுக்கத்தோடுதான் உள்ளே பூட்டப்பட்டிருக்கும். ஆகவே திருகாணியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குவது நல்லது. பல துப்பாக்கிகளில் கெட்டிருப்பது உள்ளே உள்ள தோல் அல்லது றப்பர் வாசர் மட்டுமே. துப்பாக்கி திருத்த அனுமதி உள்ளவருக்கு அது சிறு வேலை. குண்டு போடாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் அந்த வாசரையும் வில்லையும் கெடுக்கும்.

திருத்த முடியாது என்றால் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் அப்படியே கொடுத்துவிட வேண்டாம். துப்பாக்கி வடிவில் உள்ள எதுவும் நமது பகுதியில் இரண்டு தரப்பாருக்கும் தொல்லையைக் கொண்டுவரும். கிராம சேவகரிடம் சொல்லி, அவர் மூலம் பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போவதும் புத்தியல்ல. முதலில் ஆள் போகட்டும், பிறகு பொருள் போகட்டும்.

2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் பல ஆண்டுகள் இருந்தன. 2015இலிருந்தே சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டன. இப்படி நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த காணிக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பற்றைக்குள் கிடக்கும் குழாயோ, ரவையோ, உலோகத் துண்டோ எயார் துப்பாக்கிச் சாமானாக இருக்கும் என்று எண்ணி எடுக்க வேண்டாம். தொடாமல், தட்டிப் பார்க்காமல், வந்த வழியே திரும்பி, அறிவிக்க வேண்டும். ஈயத்துக்காக ரவையை உடைப்பதும் நெருப்பில் போடுவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

இனி ஈயத்துக்கு வருவோம். நம் பேச்சில் "ஈயம்" என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டிலும், வாகனப் பற்றறியிலும், வீச்சுவலை ஓரத்திலும் இருப்பது காரீயம். பெயர் ஒன்றாக இருப்பதால் "அம்மம்மா காலத்தில் ஈயம் பூசிய பானையில்தானே சமைத்தோம்" என்று சொல்லி விடுகிறோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் நஞ்சு. அதை உருக்கிய சட்டியிலோ, போட்டு வைத்த பேணியிலோ மறுபடி உணவு வைக்கக் கூடாது. புளிப்புள்ள உணவில் அது இன்னும் விரைவாகக் கரையும்.

காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். விறகடுப்பில் மீன்பேணியை வைத்தாலே போதும். இந்த எளிமையே ஆபத்து. உருகும்போது எழும் புகையும், மேலே படியும் சாம்பல் போன்ற கசடும் அடுப்படியிலும் பாயிலும் உடுப்பிலும் தங்கிவிடுகின்றன. தவழும் பிள்ளை அந்தத் தரையில் கையை வைத்து வாயில் வைக்கிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் உடல் எடுத்துக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறு பிள்ளையின் உடல் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. ஈயம் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்து கிடந்து, தாய் கருவுற்ற காலத்தில் மறுபடி இரத்தத்துக்கு வந்து, வயிற்றுப் பிள்ளையையும் அடைகிறது.

செனகல் நாட்டின் தலைநகரான டாக்காருக்கு அருகே தியாறோய் என்ற ஊர் இருக்கிறது. பழைய பற்றறிகளை உடைத்த இடத்து மண்ணை அங்குள்ள ஏழைக் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், அரித்து ஈயம் எடுத்து விற்றார்கள். மண்ணை மூட்டையாக வீட்டுக்கும் கொண்டு போனார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். ஈயம் என்று தெரியவரும் முன்பே பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒரு கைப்பிடி எயார் குண்டு அந்த அளவு ஈயம் அல்ல. ஆனால் ஆபத்து வீட்டுக்குள் வரும் வழி அதே வழிதான்.

4.5 மில்லிமீற்றர் குண்டு ஒன்று ஏறக்குறைய அரைக் கிராம். 500 குண்டு உள்ள ஒரு பேணியைச் சுட்டு முடித்தால் வளவில் கால் கிலோ ஈயம் கிடக்கும். ஆகவே குறி பழகுகிறவர் வெறும் மதிலையோ மரத்தையோ சுடாமல், பழைய சாக்குகளை மடித்து நிரப்பிய பலகைப் பெட்டியை நோக்கிச் சுட வேண்டும். குண்டு அதற்குள்ளேயே தங்கும். ஏற்கெனவே சிதறியவற்றைப் பொறுக்கும்போது மண்ணில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். மா அரிக்கும் அரிதட்டை இதற்கு எடுக்க வேண்டாம். வெற்றிலை, பீடி எதுவும் அப்போது வேண்டாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பொறுக்கியதை மூடியுள்ள தடித்த போத்தலில் இட்டு, "ஈயம் – நஞ்சு" என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். நிறைந்ததும் பழைய பற்றறி வாங்கும் வியாபாரியிடம் உருக்காமலே நிறுத்துக் கொடுக்கலாம். கிணறு, களப்பு, எருக்குழி, அடுப்பு ஆகிய நான்கும் ஈயத்துக்கு உரிய இடம் அல்ல.

கோழி வளர்ப்போர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கோழியும் வாத்தும் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். ஈயக் குண்டையும் கல்லென்று விழுங்கிவிடும். அந்த ஈயம் முட்டைக்கும் வரும். நீர்ப்பறவைகள் இப்படிச் செத்ததால்தான் அமெரிக்காவில் 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் தடை செய்யப்பட்டது; ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023இலிருந்து தடை. வயலும் களப்பும் அருகருகே உள்ள நமக்கும் இது பொருந்தும்.

"வலைக்கு உருக்கி ஊற்றலாமே, காசு மிச்சம்" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஈயம் தண்ணீரைப்போல் பதினொரு மடங்குக்கு மேல் பாரமானது. வீச்சுவலை சட்டென்று தாழ வேறு மலிவான பொருள் கிடைப்பது அரிது. அதற்கு ஆயத்தமாக வார்த்த ஈயமணியைக் கடையில் வாங்குங்கள். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலே உருகிய ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும் என்பதையும் நினையுங்கள். கட்டிவிடும் வலைக்கு அவசரமில்லை. களிமண்ணை உருட்டித் துளையிட்டுச் சுட்ட குண்டு போதும். பருமன் கூடும், அவ்வளவுதான்.

ஈயம் உருக்கிய வீட்டில் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, சோர்வு, படிப்பில் மந்தம் இருந்தால் பூச்சி மருந்தோடு நிறுத்திவிட வேண்டாம். ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் "வீட்டில் ஈயம் உருக்கினோம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், இந்த அறிகுறிகள் வேறு பல நோய்களுக்கும் உண்டு.

குழுவில் கலந்துரையாட: நமது ஊரில் வலை ஈயம் யார் வீட்டில், எந்த அடுப்பில் உருக்கப்படுகிறது? அந்த வீட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஈயமணியை எல்லோருக்குமாகச் சேர்த்து வாங்கினால் ஒரு வலைக்கு என்ன செலவு வரும்?