தும்பியின் கண்கள்

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில், பேலகொண்டப்பள்ளியில் வானூர்திகளுக்கான தனியார் ஓடுதளம் ஒன்று உள்ளது. மழைக்குப் பின் அவ்வட்டார ஏரிக்கரைகளில் தும்பிகள் திரளும். சிறுவயதில் நாம் துரத்திய தட்டான்கள்தாம். வானூர்திப் பொறியாளர்கள் இன்றும் போராடும் சிக்கல் ஒன்றை அவை எப்போதோ தீர்த்துவிட்டன.

ஆளில்லா வானூர்தியின் படக்கருவியில், தொலைவில் பறக்கும் பறவை ஓரிரு படப்புள்ளிகளாகவே பதியும். வடிவத்தைக் கொண்டு பொருளை அறியும் கணினி நிரல் அங்கே தடுமாறும். வானூர்தியும் நகர்வதால் மரங்கள், ஆலைக் கூரைகள் என அனைத்துமே நகர்வதாகத் தோன்றும். இவற்றுக்கிடையே அப்புள்ளியைப் பிரித்தறிவது எங்ஙனம்?

தும்பியின் கூட்டுக்கண்ணில் 30,000 வரை சிறுகண்கள் இருக்கலாம். எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டா. மனிதப் பார்வையோடு ஒப்பிட அதன் பார்வை மங்கலானதே. ஆயினும் துரத்திய இரையை அது பெரும்பாலும் தப்பவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஓகேரல், ஸ்டீவன் வீடர்மன் ஆகியோர், சிறிய இலக்கின் அசைவுக்கு மட்டும் தூண்டப்படும் தும்பியின் நரம்பணுக்களை ஆராய்ந்து கணினி மாதிரியும் அமைத்தனர். கொசு ஒன்று சிறுகண்ணின் முன் கடந்தால், அங்கே ஒளி குறைந்து உடனே கூடும். அவ்விரு மாற்றங்களும் அடுத்தடுத்து நிகழ்ந்தாலே மாதிரி அதனை இலக்காகக் கொள்ளும். கட்டடத்தின் விளிம்பு கடக்கையில் ஒளி குறையும், உடனே கூடாது. அன்றியும், பெரிய பொருள் பக்கத்துச் சிறுகண்களையும் ஒருங்கே தூண்டுவதால், அச்சைகைகள் ஒன்றையொன்று அடக்கிவிடும்.

இரண்டு இலக்குகளைக் காட்டியபோது, அந்நரம்பணுக்களுள் ஒன்று ஓர் இலக்கையே தேர்ந்து, மற்றொன்று இல்லாததுபோல் இயங்கியதை அவர்கள் 2013இல் வெளியிட்டனர். கொசுக் கூட்டத்துள் புகும் தும்பி இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டையும் இழக்கும். இந்நெறியில் இலக்கைத் தொடரும் எந்திர ஊர்தியும் பின்னர் உருவாயிற்று.

அசைவைக் காணும் கண்ணை ஏமாற்றவும் தும்பி அறியும். ஓசூருக்கு அண்மையில் உள்ள பெங்களூருவின் இந்திய அறிவியல் நிலையத்தில் மின்னணுவியல் பயின்று, பின்னர் ஆஸ்திரேலியாவில் பூச்சிகளின் பார்வையை ஆராய்ந்தவர் மண்டயம் சீனிவாசன். ஒரு தும்பி மற்றொன்றை நெருங்கும்போது, அதன் கண்ணுக்கு அசையாப் பொருளாகத் தோன்றும் வழியில் பறப்பதை அவர் குழுவினர் 2003இல் 'நேச்சர்' இதழில் விளக்கினர். வானூர்திக்கும் இதே இடர் உண்டு. நேராக மோத வரும் பொருள் படத்தில் இடம்பெயராது. மெல்லப் பெரிதாவது ஒன்றே அதன் அறிகுறி.