வண்டு கூறும் வரலாறு

பழங்காலத்தை அறியக் கல்வெட்டுகளைப் படிக்கிறோம்; ஓலைச்சுவடிகளைப் புரட்டுகிறோம். எழுத்தே தோன்றாத காலத்தின் வெயிலையும் குளிரையும் அறிய எதைப் படிப்பது? சேற்றில் புதைந்த வண்டுகளைப் படிக்கலாம் என்கிறது அறிவியல்.

வண்டின் முன்சிறகுகள் கெட்டியான ஓடுகள். காற்றுப் புகாத ஈரச் சேற்றில் அவை பல்லாயிரம் ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். சேற்றைக் கரைத்துச் சலித்து, எஞ்சியதில் மண்ணெண்ணெய் கலந்து தண்ணீர் ஊற்றினால், எண்ணெய் பற்றிய ஓடுகள் மேலே மிதக்கும். உருப்பெருக்கியில் வைத்து, இன்ன இனம் என்று கண்டறிவர்.

பிறகு கணக்குத்தான். ஓர் இனம் 10 முதல் 18 பாகை வரையுள்ள கோடையிலும், மற்றொன்று 15 முதல் 24 பாகை வரையிலும் வாழ்வதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே அடுக்கில் கிடைத்தால், அன்றைய கோடை 15க்கும் 18க்கும் இடைப்பட்டது. இனங்கள் பெருகப் பெருக விடை நுட்பமாகும். இம்முறையால் அட்கின்சன், பிரிஃபா, கூப் ஆகிய மூவரும் பிரிட்டனின் 22,000 ஆண்டு வெப்பநிலையை 1987இல் கணித்துரைத்தனர்.

இத்துறையின் முன்னோடி பர்மிங்காம் பல்கலைக்கழகத்து ரஸ்ஸல் கூப். இன்று திபெத்து மேட்டுநிலத்தில் வாழும் ஒரு சாணவண்டு, பனியூழியில் இங்கிலாந்தில் வாழ்ந்ததை அவர் 1973இல் வெளியிட்டார். குளிரும் வெயிலும் மாறியபோது வண்டு தன் உடலை மாற்றிக்கொள்ளவில்லை, ஊரை மாற்றிக்கொண்டது! பிழைப்பும் படிப்பும் தேடிப் புனே வந்த நமக்கு இது விளங்காததா?

நம் நீலகிரியிலும் இத்தகைய ஏடு உண்டு. அங்குள்ள சதுப்புகளில் படிந்த செடிகொடிகளை ஆராய்ந்து, சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். இவர்களுள் பந்த், நான் பயிலும் இப்புனே நகரின் வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர். மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் கார்பன் அணுவின் இரு வகைகளை வெவ்வேறு அளவில் ஏற்கின்றன. அவ்வளவைக் கொண்டு, ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வறட்சி நிலவியதை அறிந்தனர்.

சதுப்பை வடித்து விளைநிலமாக்கினால் காற்றுப் புகும், ஏடு மக்கிவிடும். காடழிந்து ஓர் இனம் மறைந்தால், பழையதை அளக்கும் அளவுகோலும் அதனோடு போய்விடும். செல்லரித்த சுவடிகளுக்காக வருந்தும் தமிழர் நாம். நீலகிரிச் சேற்றையும் ஒரு சுவடியாகவே காக்க வேண்டும். நண்பர்களே, விடுமுறையில் உதகை சென்றால் மலர்த்தோட்டத்தோடு திரும்பிவிடாதீர்கள்; ஒரு சதுப்பையும் கண்டு வாருங்கள்.