இல்லாத கற்களைப் பார்க்க ஒரு நடை

ஊரிலிருந்து வருகிறவர்கள் "ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்கணும்" என்றால், "நடப்பீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். மூட்டுவலி, கைக்குழந்தை, அரை நாள்தான் நேரம் என்றால் ஸ்டோன்ஹெஞ்சே சரி. சீட்டு வாங்கலாம், வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். பத்து கிலோமீட்டர் நடக்கத் தயார் என்பவர்களை மட்டும் அதே வில்ட்ஷயர் மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கும் ஏவ்பரிக்கு அழைத்துப் போவேன். 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இரண்டையும் ஒரே பெயரில்தான் சேர்த்தது. ஆனாலும் சுற்றுலாப் பேருந்துகளுக்கு இரண்டாவது இடம் நினைவுக்கு வருவதில்லை. அது நல்லதுக்குத்தான்.

ஏவ்பரியின் கல்வட்டம் எவ்வளவு பெரியது என்றால், அதற்குள் ஒரு கிராமத்தின் பாதி குடியிருக்கிறது. வீடுகள், வளைந்து போகும் தார்ச்சாலை, ஒரு மதுக்கடை எல்லாம் வட்டத்துக்குள்ளேதான். சுற்றிலும் மேடும் அகழியும். மேட்டின்மேல் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பீர்கள். இரும்பு தெரியாத காலத்து மனிதர்கள் மான்கொம்பைக் கொண்டு சுண்ணப்பாறையில் வெட்டிய அகழி இது. இன்று பாதிக்கு மேல் தூர்ந்து புல் மூடிக் கிடக்கிறது. வெட்டிய காலத்தில் ஒன்பது மீட்டர் ஆழம் இருந்தது. வெளிவட்டத்தில் சுமார் 100 கற்கள், உள்ளே இரண்டு சிறு வட்டங்கள். கி.மு. 2850க்கும் 2200க்கும் இடையே படிப்படியாக எழுந்த இடம். நுழைவுக் கட்டணம் இல்லை, கயிறு இல்லை. கல்லைத் தொடலாம், சாய்ந்து உட்காரலாம். பக்கத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

நம் ஊரில் கல்வட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுக் கல்வட்டங்களில் பெரும்பாலானவை இரும்புக்கால ஈமச்சின்னங்கள். நடுவே தாழியோ கல்லறையோ இருக்கும், கற்கள் அதற்கு எல்லை. அந்த எண்ணத்தோடு இங்கே வந்தால் நடுவில் யாரைப் புதைத்தார்கள் என்று தேடிக்கொண்டே இருப்போம். இது கல்லறை அல்ல. மக்கள் கூடுவதற்காக எழுப்பிய இடம் என்றே கருதுகிறார்கள். இறந்தவர்களின் வீடு இதே நடையில் பின்னால் வருகிறது.

முதல்முறை வருகிற பலருக்கு முதலில் ஏமாற்றம்தான். மேற்குப் பக்கம் வரிசை ஓரளவு நிறைவாக இருக்கும். மற்ற பக்கங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் நிற்கும். அந்த இடைவெளிகளில் முழங்கால் உயரத்தில் சின்னச் சின்னக் கான்கிரீட் குத்துகள் இருக்கும். ஆட்களின் கண் அதில் படுவதே இல்லை. நான் கொடுக்கும் முதல் குறிப்பு இதுதான்: கற்களுக்கு முன்னால் இந்தக் கான்கிரீட் குத்துகளை எண்ணிக்கொண்டு நடங்கள். ஒவ்வொன்றும் ஒரு கல் இருந்து, இல்லாமல் போன இடம். அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வட்டம் கண்ணுக்குள் கூடிவரும்.

இந்தக் குத்துகளை நட்டவர் அலெக்ஸாண்டர் கீலர். டண்டீ நகரத்து மார்மலேட் வியாபாரக் குடும்பத்தின் வாரிசு. 1930களில் இங்கே நிலங்களை வாங்கி, புதைந்து கிடந்த கற்களைத் தோண்டி, பழைய குழிகளிலேயே நிமிர்த்தி நிறுத்தினார். இன்று நாம் பார்க்கும் வரிசையில் பெரும்பகுதி அவர் நிமிர்த்தியது. போர் வந்ததும் வேலை நின்றது. 1943இல் நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு விற்றுவிட்டார். நிமிர்த்தியது சரியா என்று இன்றும் முணுமுணுப்பவர்கள் உண்டு. என் கட்சி கீலர் கட்சிதான். இல்லாததை இட்டுக்கட்டாமல், இல்லை என்பதற்கே அடையாளம் வைத்துவிட்டுப் போனாரே, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

கற்கள் ஏன் புதைந்தன? பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் ஊர்க்காரர்களே குழி தோண்டி அவற்றைச் சாய்த்து மூடினார்கள். 1938இல் கீலரின் ஆட்கள் அப்படி ஒரு கல்லைத் தூக்கியபோது அடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு கிடந்தது. கூடவே கத்தரிக்கோல், நாவிதரும் வைத்தியரும் வைத்திருக்கும் மாதிரி ஒரு கூர்க்கருவி, அந்த நூற்றாண்டின் தொடக்கத்து நாணயங்கள். கல் சாய்ந்து நசுங்கிச் செத்தவர் என்று வெகுகாலம் கதை சொன்னார்கள். பின்னால் எலும்புகளை மறுபடி பரிசோதித்தபோது நசுங்கியதற்கான தடயம் இல்லை. அந்தக் கல்லை ஊரில் காட்டுவார்கள். கதையை மட்டும் அப்படியே விழுங்க வேண்டாம்.

புதைத்த கற்களாவது மிஞ்சின. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டிலும் உடைத்ததுதான் பெரிய இழப்பு. குழியில் வைக்கோலைப் போட்டு எரித்து, கல் காய்ந்ததும் கோடாகத் தண்ணீர் ஊற்றி, சம்மட்டியால் அடித்துப் பிளந்தார்கள். வில்லியம் ஸ்டூக்லி என்ற மருத்துவர் 1719 முதல் 1724 வரை ஆண்டுதோறும் வந்து, கண்ணெதிரே நடந்ததைப் படம் வரைந்து வைத்தார். கரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் தாய்மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சமும் வியப்பில்லை.

"நம்மூர்லயும் பாறை மேல வெறகப் போட்டு எரிச்சுத்தான மாப்ள பலகை பேப்பாங்க? இதுல என்ன இருக்கு?"

"அது சும்மா கிடக்கிற பாறை மாமா. இது நாலாயிரம் வருசத்துக்கு முந்தி நட்டு வச்சது."

"உடைச்சவனுக்கு அது தெரியுமா? அவனுக்கு வீடு கட்டக் கல்லு வேணும். அந்தா பாரு, அந்தச் சுவத்துல இருக்குது உங்க வட்டம்."

அவர் காட்டியது சரி. கிராமத்து வீடுகளின் சுவர்களிலும் கொட்டகைகளிலும் அதே சாம்பல்நிற சார்சன் கல் துண்டுதுண்டாக இருக்கிறது. அன்றிலிருந்து கூட வருகிறவர்களிடம் சுவர்களையும் பார்க்கச் சொல்கிறேன்.

தென்வாசல் வழியாக வெளியே வந்தால் இரட்டை வரிசைக் கற்கள் நீளும் வெஸ்ட் கென்னெட் அவென்யூ. ஒரு காலத்தில் சுமார் 100 ஜோடிகள், இரண்டரை கிலோமீட்டர் நீளம். கவனித்தால் எதிரெதிரே ஒன்று ஒல்லியாக உயர்ந்தும் மற்றது அகன்று வைர வடிவிலும் இருக்கும். ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் போல இவற்றைச் செதுக்கவில்லை, இருந்த வடிவத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். நிற்கும் கற்கள் சற்று தூரத்தில் முடிந்துவிடும். அங்கேதான் நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். இதுவரை வலது கைப்பக்கம் வேடன் குன்று மறைத்துக்கொண்டிருந்த ஒன்று இனிமேல்தான் கண்ணில் படும்.

இங்கிருந்து வரைபடம் வேண்டும். ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 157ஆம் எண். அதில் பச்சைக் கோடாகப் போகும் பாதைகளில் யாருடைய வயலாக இருந்தாலும் நடக்கச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் பாதையில் மட்டும். பக்கத்து கோதுமையில் கால் வைக்க உரிமை இல்லை. கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போங்கள். ஊர் மாட்டைத் தட்டிக்கொடுத்துப் பழகிய தைரியத்தை இங்கே காட்ட வேண்டாம். செல்பேசி வரைபடத்தையே நம்பி வந்தால் சிக்னல் இல்லாத பள்ளத்தில் மாட்டிக்கொள்ள நேரும்.

அவென்யூ போய்ச் சேரும் இடம் ஓவர்ட்டன் குன்றின் மேலிருக்கும் சாங்க்சுவரி. மேலேறிப் பார்த்தால் புல்தரையில் வட்டவட்டமாகக் கான்கிரீட் அடையாளங்கள், அவ்வளவுதான். மரத்தூண் வட்டங்களும் கல்வட்டங்களும் நின்ற இடம். 1724 வாக்கில் முழுவதும் அழிந்து, இருந்த இடமே மறந்துபோனது. ஸ்டூக்லியின் வரைபடங்களை வைத்துக்கொண்டு 1930இல் மாட் கன்னிங்டன் என்ற பெண் ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டினார். ஏவ்பரியில் கான்கிரீட் குத்துகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இங்கே நிறையத் தெரியும். மற்றவர்கள் கார் நிறுத்துமிடம் போல இருக்கிறதே என்பார்கள். மேற்கே பாருங்கள்: தட்டையான தலையோடு சில்பரி குன்று. 139 கிலோமீட்டர் ரிட்ஜ்வே நெடும்பாதை தொடங்குவதும் எதிர்ப்புறத்தில்தான். குறுக்கே போகும் ஏ4 சாலையில் கார்கள் பறக்கும். குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் கென்னெட் வழியாக இறங்கி மறுபடி ஏறினால் வெஸ்ட் கென்னெட் நீள் புதைமேடு. இந்த நடையின் மிகப் பழைய இடம். கி.மு. 3650 வாக்கில் கட்டியது, கல்வட்டத்துக்கும் முந்தியது. மேடு 100 மீட்டர் நீளம். ஆனால் கிழக்கு முனையில் மட்டும்தான் அறைகள்: பக்கத்துக்கு இரண்டு, கடைசியில் ஒன்று. வாசலை மறைத்து நிற்கும் பெரிய கற்களுக்குப் பின்னால் வழி இருக்கிறது. குனிய வேண்டியதில்லை. நம் கல்திட்டைகளுக்குள் தவழ்ந்து பழகியவர்களுக்கு இது மாளிகை. உள்ளே போனதும் டார்ச் போடாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். 1955-56 அகழாய்வுக்குப் பிறகு கூரையில் பதித்த கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்துக்குக் கண் பழகட்டும். ஆண், பெண், குழந்தை என்று குறைந்தது 36 பேரின் எலும்புகள் இங்கே கிடைத்தன. சில மண்டையோடுகளும் நீள எலும்புகளும் குறைந்தன. எடுத்துப்போய் எங்கோ பயன்படுத்தியிருக்கலாம். கரிமக் கணக்குப்படி அந்த உடல்கள் எல்லாம் சில பத்தாண்டுகளுக்குள் வைத்தவை, ஏறக்குறைய ஒரே தலைமுறை. அதற்குப் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் ஆட்கள் வந்து மண்ணும் பானையோடும் போட்டு நிரப்பி, கடைசியில் பெருங்கற்களால் வாசலை அடைத்தார்கள். அந்த அடைப்புக் கற்கள்தான் நீங்கள் சுற்றிக்கொண்டு வந்தவை.

இன்றும் யாராவது உள்ளே பூ வைத்திருப்பார்கள், சிறு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். பார்த்தால் நமக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். புகைக்கரி கல்லில் படிந்தால் எளிதில் போகாது. வெப்பத்தில் கல் வெடிக்கும். இந்த ஊரின் வரலாறே அதற்குச் சாட்சி.

சில்பரிக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம், ஏற விடமாட்டார்கள். கி.மு. 2400 வாக்கில் குவித்த செயற்கைக் குன்று. 30 மீட்டருக்கும் மேல் உயரம், வரலாற்றுக்கு முந்தைய காலத்தில் மனிதர் குவித்ததில் ஐரோப்பாவிலேயே பெரியது. உள்ளே தங்கக் குதிரையில் ராஜா இருக்கிறார் என்ற கதையை நம்பியோ நம்பாமலோ 1776இல் உச்சியிலிருந்தும், 1849இல் பக்கவாட்டிலும், 1968இல் மறுபடியும் குடைந்தார்கள். கல்லறை கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் பழைய குழி உள்வாங்கி உச்சியில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 2008 வரை ஆனது. தேடியவர்கள் செய்த சேதம் காலம் செய்ததைவிட அதிகம். கீழே நின்று பார்த்துவிட்டு கென்னெட் ஆற்றோரமாக ஏவ்பரிக்குத் திரும்புங்கள். ஆறு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். கோடையில் வறண்டு கிடக்கும், மழைக்காலத்தில் பாதையையே முழுங்கும்.

சுண்ணப்பாறை மண் நனைந்தால் வெண்களிம்பாகி வழுக்கும். ரப்பர் அடியுள்ள கனத்த பூட்ஸ் போடுங்கள், ஒரு ஜோடி காலுறை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை ஏவ்பரியில் மட்டும், கிளம்பும்போதே எல்லாரும் போய்வந்துவிடுவது நல்லது. வழியில் சாப்பாட்டுக்குக் கடையை நம்பாதீர்கள். புளிசாதம் எட்டு மணி நேரம் தாங்கும் என்பதை நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் கூட்டம் தாங்காது. என் விருப்பம் பிப்ரவரி, மார்ச். குளிர்தான், ஆனால் புல் குட்டையாக இருக்கும், சாய்ந்த வெயிலில் தூர்ந்துபோன பள்ளமும் மேடும் நிழல் விழுந்து துலக்கமாகத் தெரியும். கோடை உச்சிவெயிலில் அதே நிலம் தட்டையாகத் தெரியும்.

கீலர் பெயரிலான அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வையுங்கள். நடந்துவிட்டுப் போனால்தான் அந்த மான்கொம்பு உங்களோடு பேசும். நேரமும் காலும் மிச்சமிருந்தால் மேற்கே பெக்காம்டன் பக்கம் வயலில் தனியாக நிற்கும் இரண்டு கற்களுக்குப் போகலாம். ஆதாம், ஏவாள் என்று பெயர். இங்கேயும் ஒரு அவென்யூ இருந்தது என்று ஸ்டூக்லி எழுதியதைப் பலர் கற்பனை என்று ஒதுக்கியிருந்தார்கள். 1999இல் தோண்டியபோது கற்குழிகள் வரிசையாக வந்தன. போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்விண்டனுக்குத் திரும்ப 49ஆம் எண் பேருந்து. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே நிறுத்தத்தில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.