செடி முருங்கை: நுனி கிள்ளும் நாள் தவறக் கூடாது

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது பழமொழி. குச்சி நட்டு வளர்க்கும் மர முருங்கையை எப்போது ஒடித்தாலும் மறுபடி துளிர்த்துக் கொள்ளும். விதை ஊன்றி வளர்க்கும் செடி முருங்கைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. ஆறாம் மாதத்திலேயே காய்ப்புக்கு வரும் பயிர் இது. ஆகவே, ஒடித்தால் மட்டும் போதாது. உரிய பருவத்தில் ஒடிக்க வேண்டும்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.-1 இவ்வகையில் பெயர் பெற்றது. இரண்டரை மீட்டர் இடைவெளியில், ஒன்றரை அடி ஆழ அகலமுள்ள குழிகள் எடுத்தால் ஏக்கருக்குச் சுமார் 640 செடிகள் நிற்கும். குழிக்கு இரண்டு விதை ஊன்றி, முளைத்தபின் வாளிப்பான ஒன்றை நிறுத்திக் கொள்ளலாம்.

ஏன் கிள்ள வேண்டும்?

நடுத்தண்டின் நுனிக் குருத்து இருக்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கியே கிடக்கும். கிள்ளாமல் விட்டால் செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்துவிடும். காய் எட்டாத உயரத்தில் தொங்கும். முருங்கைத் தண்டு மெது மரம். காற்றில் எளிதில் முறியும். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்து, செடி குடை போலப் படரும். நின்றபடியே காய் பறிக்கலாம்.

எப்போது, எப்படி?

செடி 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி உயரம் வந்ததும் கிள்ள வேண்டும். விதைத்துச் சுமார் இரண்டு மாதத்தில் இந்த உயரம் வரும். எல்லாச் செடிகளும் ஒரே நாளில் இந்த உயரத்தை எட்டுவதில்லை. இரண்டரை அடிக் குச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை வயலைச் சுற்றி வந்து, எட்டியவற்றை மட்டும் கிள்ளுவது நல்லது. பின்தங்கியவற்றை அடுத்த வாரம் பார்த்துக் கொள்ளலாம். இளங்குருத்தாதலால் விரலாலேயே கிள்ளிவிடலாம். வாடி நிற்கும் செடிக்கு முதலில் தண்ணீர் விட்டுத் தேற்றியபின் கிள்ளலாம்.

மூன்றாம் மாதம் குழிக்கு யூரியா 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 100 கிராம், பொட்டாஷ் 50 கிராம் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் புதுக் கிளைகள் திடப்படும். ஆறாம் மாதம் மீண்டும் 100 கிராம் யூரியா இட வேண்டும்.

நாள் தவறினால்?

பூ அரும்பு கண்டபின் நுனியை ஒடித்தால், வர வேண்டிய காயையும் சேர்த்து ஒடித்ததாகும். அத்தகைய செடியை அப்படியே விட்டு, நெடிய தண்டுக்கு முட்டுக் கொடுத்து, முதல் காய்ப்பை எடுத்துக் கொள்வதே இலாபம். குறையைக் கவாத்தின்போது சரி செய்யலாம்.

மறுதாம்பு

காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ., அதாவது மூன்றடி விட்டு மேலே வெட்டிவிட வேண்டும். மழைநீர் தங்காதபடி வெட்டு சாய்வாக இருக்கட்டும். தண்டு பிளவுபடாதிருக்கக் கூரிய அரிவாளே ஏற்றது. ஒவ்வொரு கவாத்துக்குப் பிறகும் குழிக்கு 25 கிலோ தொழு எருவுடன் மேற்சொன்ன உரங்களையும் இட்டால், நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். இவ்வாறு மூன்று ஆண்டுகள் வரை பலன் எடுக்கலாம்.

கிள்ளிய குருத்து வீட்டில் கீரையாகும். வெட்டிய தழை ஆட்டுக்குத் தீனியாகும். நுனி கிள்ளும் வேலைக்குக் காசு செலவில்லை. வாரம் ஒரு நடை வயலுக்குப் போய் வந்தால் போதும்.