பலகையைப் படிப்போம், தெருவை அளப்போம்

உங்கள் தெருவுக்குச் சாலை போட வருகிறார்கள். லாரி வருகிறது. ஜல்லி கொட்டுகிறார்கள். மணல் கொட்டுகிறார்கள். கலவை இயந்திரம் சத்தம் போடுகிறது. பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நான்கு நாளில் வேலை முடிகிறது. லாரி போய்விடுகிறது.

ஒரு மழைக்காலம் கழிகிறது. சாலையில் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. சைக்கிள் போக முடியவில்லை. "என்னத்தைப் போட்டாங்களோ!" என்று சொல்லிக்கொள்கிறோம். அத்துடன் விட்டுவிடுகிறோம்.

என்னத்தைப் போட்டார்கள் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சாலையின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, கனம் எவ்வளவு, எவ்வளவு பணம் கொடுத்தார்கள், எல்லாம் நகராட்சி அலுவலகத்தில் காகிதத்தில் இருக்கிறது. பல ஊர்களில் தெருமுனையில் பலகையாகவும் எழுதி வைக்கிறார்கள். முன்பு அந்தப் பலகை பக்கம் நாம் திரும்பியும் பார்த்ததில்லை. இப்போது உங்களால் அதைப் படிக்க முடியும். எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி ஆனாலும் பரவாயில்லை. பலகை எங்கேயும் ஓடிவிடாது.

காகிதத்தில் இருந்ததைப் படித்து, தெருவில் இறங்கித் தேடிப் பார்த்த மக்களின் கதை ஒன்று உண்டு. அது டில்லியில் நடந்தது.

டில்லியில் நடந்தது

டில்லியில் யமுனை ஆற்றுக்குக் கிழக்கே சுந்தர் நகரி என்ற குடியிருப்பு இருக்கிறது. அருகில் புதிய சீமாபுரி என்ற குடியிருப்பும் இருக்கிறது. இரண்டிலும் உழைத்துப் பிழைக்கும் மக்கள் அதிகம். வீடுகள் நெருக்கமாக இருக்கும். சந்துகள் குறுகலாக இருக்கும்.

இந்த இரண்டு குடியிருப்புகளிலும் டில்லி மாநகராட்சி பல வேலைகளைச் செய்ததாகக் கணக்கு இருந்தது. தெருவுக்கு சிமெண்ட் போட்டது ஒரு வேலை. சாக்கடை கட்டியது ஒரு வேலை. அடிபம்பு போட்டது ஒரு வேலை. ஆனால் மக்கள் கண்ணுக்கு அவ்வளவு வேலை நடந்ததாகத் தெரியவில்லை.

2001-ஆம் ஆண்டில் டில்லியில் தகவல் உரிமைச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் அப்போது வரவில்லை. 'பரிவர்த்தன்' என்ற மக்கள் அமைப்பு இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தது. பரிவர்த்தன் என்றால் மாற்றம் என்று பொருள். இரண்டு ஆண்டுகளில் மாநகராட்சி செய்த வேலைகளின் ஒப்பந்த நகல்களை அவர்கள் கேட்டார்கள். கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. விடாமல் கேட்டு வாங்கினார்கள்.

காகிதம் கிடைத்தது. அடுத்து என்ன? அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. தெருத் தெருவாக எடுத்துப் போனார்கள். அந்தந்தத் தெரு மக்களைக் கூட்டி, அவர்கள் தெருவில் என்ன வேலை நடந்ததாக எழுதியிருக்கிறது என்று சொன்னார்கள். தெரு மக்களுக்குத் தெரியாதா தங்கள் தெருவைப் பற்றி? பொறியாளர் பட்டம் வேண்டியதில்லை. அடிபம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லக் கண் இருந்தால் போதும்.

2002 டிசம்பர் மாதத்தில் சுந்தர் நகரியில் மக்கள் கூட்டம் நடந்தது. இந்த மாதிரிக் கூட்டத்துக்கு இந்தியில் 'ஜன் சுன்வாய்' என்று பெயர். மக்கள் முன்னால் கணக்கை வாசித்து விசாரிப்பது என்று பொருள். இந்த வழக்கம் ராஜஸ்தான் கிராமங்களில் 1994-இல் தொடங்கியது. அங்கே 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைச் சேர்ந்த ஏழை உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் பஞ்சாயத்துக் கணக்கை இப்படி ஊர் நடுவில் வாசித்தார்கள். அந்த வழியைத்தான் டில்லி மக்கள் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சுந்தர் நகரிக் கூட்டத்தில் 68 வேலைகளின் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் மொத்தச் செலவு சுமார் 1 கோடியே 30 லட்சம் ரூபாய். அதில் சுமார் 70 லட்சம் ரூபாய்க்கான பொருள்கள் தெருவில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. அதாவது பாதிக்கும் மேல்.

சாக்கடைகளின் மேல் 253 இரும்புக் கம்பி மூடிகள் போட்டதாக எழுதியிருந்தது. தேடிப் பார்த்ததில் 30 தான் இருந்தன. மோட்டார் வைத்த அடிபம்புகள் 29 போட்டதாக எழுதியிருந்தது. அவற்றில் 14 இல்லை. பணம் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது. சில தெருக்களில் சாலையே காகிதத்தில்தான் இருந்தது.

சிறிது நிறுத்துங்கள். கணக்குப் போடுங்கள். 253-இல் 30 போனால் மீதி எவ்வளவு? 223. அத்தனை மூடிகளைக் காணோம். ஒரு மூடி இல்லாத சாக்கடை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இரவில் கால் வைத்தால் கால் போகும். குழந்தை விழுந்தால் குழந்தை போகும். 14 அடிபம்பு இல்லை என்றால், எத்தனை பெண்கள் எத்தனை நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்திருப்பார்கள்?

கூட்டம் நடந்த பிறகு அங்கே ஒரு பழக்கம் வந்தது. தெருவில் வேலை தொடங்க ஒப்பந்தக்காரர் வந்தால், "முதலில் ஒப்பந்த நகலைக் கொடுங்கள்" என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். காணாமல் போன பிறகு தேடுவதைவிட, வேலை நடக்கும்போதே பார்ப்பது எளிது அல்லவா? நாமும் அதைத்தான் கற்றுக்கொள்ளப் போகிறோம்.

பலகையில் என்ன இருக்கும்?

நாம் பழகுவதற்காக ஒரு மாதிரிப் பலகை இது.

பணியின் பெயர்: 4-ஆவது குறுக்குத் தெரு, சிமெண்ட் சாலை அமைத்தல்
நீளம்: 100 மீட்டர்
அகலம்: 3 மீட்டர்
கனம்: 15 செ.மீ.
மதிப்பீடு: ரூ. 4,00,000
ஒப்பந்தக்காரர் பெயர்:
தொடங்கும் நாள்:
முடியும் நாள்:
பழுது பார்க்கும் பொறுப்பு: 3 ஆண்டுகள்

உங்கள் ஊர்ப் பலகையில் இதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ எழுதியிருக்கலாம். தொகையை மட்டும் பெரிதாக எழுதி, அளவை எழுதாமல் விடும் பலகைகளும் உண்டு. அளவு இல்லாத பலகையால் நமக்கு அதிகப் பயன் இல்லை. அளவைக் கேட்டு வாங்க வேண்டும்.

மதிப்பீடு என்றால், இந்த வேலைக்கு இவ்வளவு செலவாகும் என்று பொறியாளர் போட்ட கணக்கு. இதை எஸ்டிமேட் என்றும் சொல்வார்கள். ஒப்பந்தக்காரர் என்றால் காண்டிராக்டர்.

கடைசி வரியை மறுபடியும் படியுங்கள். பழுது பார்க்கும் பொறுப்பு: 3 ஆண்டுகள். இது முக்கியமான வரி. சாலை முடிந்து இத்தனை காலத்துக்குள் பெயர்ந்தால், ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும். எத்தனை காலம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஒரு மழையில் பெயர்ந்த சாலைக்கு நாம் புதிதாக மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. "ஒப்பந்தத்தில் இருக்கிறது, செய்யச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம்.

அளப்பது எப்படி?

ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் டேப் பெரும்பாலும் 150 செ.மீ. நீளம் இருக்கும். அதாவது ஒன்றரை மீட்டர். அதை வைத்துக் கயிற்றில் 10 மீட்டர் அளந்து முடிச்சுப் போடுங்கள். இருவர் கயிற்றைப் பிடித்துத் தெருவை அளக்கலாம். பத்து முறை வந்தால் 100 மீட்டர். எட்டு முறைதான் வந்தால் 80 மீட்டர். மீதி 20 மீட்டர் எங்கே?

அகலத்தை ஓர் இடத்தில் மட்டும் அளந்தால் போதாது. தெருமுனையில் சரியாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும். மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும்.

கனம்தான் சிக்கலானது. சாலை முடிந்த பிறகு கனம் கண்ணுக்குத் தெரியாது. கலவை கொட்டுவதற்கு முன்பு சாலையின் இரண்டு ஓரத்திலும் பலகையோ இரும்புத் தகடோ நிறுத்துவார்கள். அடியில் கெட்டித்த தரையிலிருந்து அந்தப் பலகையின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதுதான் கனம். ஆகவே கலவை கொட்டும் நாளில் காலையிலேயே போக வேண்டும். மறுநாள் போனால் ஒன்றும் தெரியாது.

கனம் 15 செ.மீ. என்று எழுதிவிட்டு 10 செ.மீ. மட்டும் போட்டால் என்ன ஆகும்? பார்ப்பதற்கு ஐந்து விரல்கடை கூட இல்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

15 செ.மீ. கனம்: 100 × 3 × 0.15 = 45 கன மீட்டர் கலவை.
10 செ.மீ. கனம்: 100 × 3 × 0.10 = 30 கன மீட்டர் கலவை.

15 கன மீட்டர் கலவை குறைகிறது. மூன்றில் ஒரு பங்கு சாலை தெருவுக்கே வரவில்லை. மெலிந்த சாலையில் லாரி ஏறினால் வெடிப்பு விடும். முதல் மழையில் ஜல்லி பெயர்ந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

குறையைப் பார்த்தால் சண்டை பிடிக்க வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து போங்கள். வேலை செய்யும் கூலியாளிடம் கோபப்படுவதில் பயன் இல்லை. அவரும் நம்மைப் போன்றவர்தான். பொறியாளரைப் பார்த்து இப்படிக் கேட்கலாம்:

"சார், இந்தச் சாலை கனம் எவ்வளவு சார்?"

"பதினஞ்சு சென்டிமீட்டர்ம்மா."

"பலகையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. நாங்க அளந்தோம், பத்துதான் வருது. நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்க சார்."

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அளக்கச் சொல்வது குற்றமும் இல்லை. பொறியாளரே அளந்து ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். அதற்கு அளவுப் புத்தகம் என்று பெயர். அலுவலகத்தில் 'எம்.புக்' என்பார்கள். அதில் எழுதிய அளவைப் பார்த்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பார்கள்.

காகிதத்தைக் கேட்பது எப்படி?

2005-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி எம்.புக் நகலை நீங்கள் கேட்கலாம். நகலோடு நிற்க வேண்டியதில்லை. வேலையை நேரில் பார்வையிடலாம். போட்ட பொருளின் மாதிரியைச் சான்றுடன் எடுத்துத் தரச் சொல்லலாம். இந்தச் சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

மனு இப்படி இருந்தால் போதும்:

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாநகராட்சி அலுவலகம்.
ஐயா,
தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், 4-ஆவது குறுக்குத் தெருவில் போட்ட சிமெண்ட் சாலை பற்றிக் கீழ்க்கண்டவை எனக்கு வேண்டும். மதிப்பீட்டின் நகல். வேலை உத்தரவின் நகல். எம்.புக்கில் இந்த வேலைக்குரிய பக்கங்களின் நகல். இதுவரை கொடுத்த பணத்தின் விவரம்.
இப்படிக்கு,
பெயர், முகவரி, தேதி, கையெழுத்து.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. மனுக் கட்டணம் பல இடங்களில் 10 ரூபாய். அதைக் கட்டும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கான சான்றின் நகலை இணைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுத்தில் கொண்டுவர அந்த அலுவலர் உதவ வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் நீங்களே எழுதுங்கள். கோணல் எழுத்தானாலும் உங்கள் எழுத்து. மனுவைக் கொடுத்ததும் முத்திரை போட்ட ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல் அதிகாரியிடம் முறையீடு செய்யலாம். அதற்கும் 30 நாள் கெடு உண்டு. கெடு தவற விடாதீர்கள்.

சாலை மட்டும்தானா?

இல்லை. நகராட்சி பலவற்றையும் அறிவிக்கிறது. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், சொட்டு மருந்து முகாம் எங்கே, வரி கட்டக் கடைசி நாள் எது என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டு போகும். வேலைக்குப் போனவர் காதில் அது விழாது. அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதைப் படித்துவிடலாம். பிறப்பு, இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். 21 நாள் கடந்தால் தாமதக் கட்டணமும் அலைச்சலும் வரும்.

வேலையை நம் தெருவுக்குக் கேட்டு வாங்குவதற்கும் வழி உண்டு. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நகராட்சி மன்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும். சில நகரங்களில் அந்தக் குழு பெயரளவில்தான் இருக்கிறது. உங்கள் வார்டு உறுப்பினர் யார், அவர் எங்கே எப்போது மக்களைப் பார்ப்பார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. சுந்தர் நகரியில் 29 அடிபம்புகளில் 14 இல்லை. இருந்தவை எத்தனை?

2. ஒரு சாலை 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம். எத்தனை கன மீட்டர் கலவை வேண்டும்?

3. மேலே உள்ள மனுவைப் பார்த்து, உங்கள் தெருவில் கடைசியாக நடந்த ஒரு வேலைக்கு மனு எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

4. இன்று மாலை ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு உங்கள் தெருச் சாலையின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்து இங்கே எழுதுங்கள்:

முதல் இடம் ........ மீட்டர்
இரண்டாம் இடம் ........ மீட்டர்
மூன்றாம் இடம் ........ மீட்டர்