முதல் கேமரா எது?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கேமரா பரிசளிக்க ஆசை. எதை வாங்கலாம்?
– வாசகி ஒருவர், பந்தல்குடி

பதில்: அவசியம் வாங்கிக் கொடுங்கள் அம்மா. பொம்மைக் கேமரா டப்பாவில் போட்டிருக்கும் மெகாபிக்சலை நம்ப வேண்டாம். படம் மங்கலாகத்தான் வரும். எடுத்தவுடன் படத்தைத் தரும் இன்ஸ்டாக்ஸ் கேமராவில் ஒரு பாக்கெட் பிலிமுக்கு 10 படம்தான், செலவு கட்டாது. நல்ல நிலையிலுள்ள பழைய டிஜிட்டல் கேமராவே போதும். ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீளாத மாடலாகப் பாருங்கள். நீளும் லென்ஸின் இடுக்கில் நம் கரிசல் புழுதி புகுந்தால் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். கேமராவுக்கான பேட்டரியும் மெமரி கார்டும் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்து, கடையிலேயே நாலு படம் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கால ஆக்பா கிளிக் 3 பிலிம் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம்தான். பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். மகளுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், இஷ்டத்துக்கு எடுக்கட்டும். மாதம் ஒருமுறை அவளே பொறுக்கும் சில படங்களை அருப்புக்கோட்டையில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.