விமானி ஆவதற்குரிய படிப்பும் பயிற்சியும்

சிப்பாங் வட்டாரத்தில் முன்பு தோட்டங்களாக விளங்கிய நிலத்தின்மீது எழுப்பப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அன்று முதல் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழும் பிள்ளைகள், தலைக்குமேல் தாழப் பறந்து செல்லும் விமானங்களை நாள்தோறும் கண்டு வளர்கின்றனர். "அதனை ஓட்டுகிறவர் என்ன படித்திருப்பார்? நானும் அவரைப் போல் ஆக முடியுமா?" என்று அவர்கள் வினவுவது இயல்பே.

முடியும் என்பதே அதற்குரிய விடை. ஆயினும் அதற்கான பாதை நீண்டது, செலவும் மிகுந்தது. பாதையை முழுதும் அறியாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் வருந்திய பெற்றோரும் உண்டு. எனவே, தோட்டப்புறப் பெற்றோர்களும் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றைப் படிப்படியாக இங்கே விளக்குகிறோம்.

பள்ளியிலேயே தொடங்கும் பயிற்சி

விமானிப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம் அன்று. எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்கள் உட்பட ஐந்து பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றிருப்பதையே பயிற்சிக் கழகங்கள் பொதுவாக எதிர்பார்க்கின்றன. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாதவர்க்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதையும் மறத்தல் கூடாது.

ஆகவே, விமானி ஆக வேண்டும் என்னும் எண்ணம் ஐந்தாம் படிவத்தில் தோன்றினால் காலம் கடந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். நான்காம் படிவத்தில் இயற்பியல் பாடத்தை எடுத்துப் படிப்பதற்கு, முதல் மூன்று படிவங்களிலும் கணிதத்தில் அடித்தளம் இடப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. பல நாட்டு வான்வெளிகளைக் கடந்து செல்லும் விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் பொதுமொழி ஆங்கிலமே. விமானிகளின் ஆங்கிலப் பேச்சாற்றல் ஆறு நிலைகளாக அளக்கப்படுகிறது. நான்காம் நிலையையேனும் எட்டாதவர் அனைத்துலகப் பயணங்களில் விமானம் ஓட்ட முடியாது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு இஃது எட்டாத உயரம் அன்று. ஆயினும், ஏட்டைப் பார்த்துப் படித்தால் மட்டும் போதாது. வாய்விட்டுப் பேசிப் பழகுதல் வேண்டும்.

உடற்தகுதி

பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று தேவை. கண், காது, இதயம், நுரையீரல், இரத்தம், சிறுநீர் ஆகியவை பரிசோதிக்கப்படும். இதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவர்களே இச்சோதனையை நடத்துவர். சான்று பெற்ற பின்னரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மீண்டும் சோதனைக்கு உட்பட வேண்டும்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் விமானி ஆக முடியாது என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. கண்ணாடியின் துணையால் பார்வை உரிய அளவை எட்டுமாயின் தடையில்லை. பறக்கும்போது மற்றொரு கண்ணாடியையும் உடன் வைத்திருக்க வேண்டும். ஆனால், சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிய இயலாத நிறக்குருடு கடுமையான தடையாகும். இக்குறை உள்ளவர்களுள் பலர் அதனை அறியாமலேயே வளர்ந்துவிடுகின்றனர். ஆதலால், கட்டணத்தில் ஒரு வெள்ளியைக்கூடக் கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெற்றுவிடுவதே அறிவுடைமை.

மூன்று உரிமங்கள்

நம் நாட்டில் விமானி உரிமங்களை வழங்குவது, 2018-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஆகும். உரிமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த படிகளைப் போன்றவை.

முதற்படி தனியார் விமானி உரிமம். இதற்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 40 மணி நேரம் பறந்து பழக வேண்டும். இவ்வுரிமம் பெற்றவர் சிறு விமானத்தைத் தாமே ஓட்டலாம்; ஆனால் அதற்காக ஊதியம் பெறுதல் கூடாது.

இரண்டாம் படி வணிக விமானி உரிமம். இதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அனைத்துலக விதிகளின்படி 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தவர்க்கு 150 மணி நேரம் போதும். விமானத்தின் முழுப்பொறுப்பையும் தாமே ஏற்று, வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி ஏறி, 540 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவைக் கடந்து காட்டுவதும் இதில் அடங்கும். வெளியே எதுவும் தென்படாத மேகத்தினுள் கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதியையும், இரட்டை இயந்திர விமானத்தை ஓட்டும் தகுதியையும் இதனோடு சேர்த்துப் பெறுவது வழக்கம். முழுநேரமாகப் பயில்வோர்க்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

மூன்றாம் படி விமானப் போக்குவரத்து விமானி உரிமம். இதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 1,500 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாக அமர்வதற்கு இவ்வுரிமம் இன்றியமையாதது.

வகுப்பறையில் ஒரு பாடம்

பறப்பது பயிற்சியின் ஒரு பாதியே. மற்றொரு பாதி வகுப்பறையில் நிகழ்வது. விமானச் சட்டம், வானிலையியல், வழிகாணும் முறை, பறத்தலின் தத்துவம், இயந்திர அமைப்பு, எடையும் சமநிலையும், மனித உடலும் மனமும், வானொலித் தொடர்பு முதலிய பாடங்களில் தேர்வு எழுத வேண்டும். இவற்றின் தன்மையை ஒரு சிறு கணக்கின் வாயிலாகக் காண்போம்.

ஒரு சிறு விமானம் காற்றில்லாத வேளையில் மணிக்கு 100 கடல்மைல் செல்லும். அது சேர வேண்டிய இடம் 160 கடல்மைல் தொலைவில் உள்ளது. செல்வதற்கு 1 மணி 36 நிமிடம் ஆகும். ஆனால், மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் எதிர்க்காற்று வீசுகிறது என்று கொள்வோம். தரையைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் 80 கடல்மைலாகக் குறைந்துவிடும். பயணத்திற்கு 2 மணி நேரம் ஆகும். காற்றைக் கணக்கில் கொள்ளாமல் 1 மணி 36 நிமிடத்திற்கு மட்டும் எரிபொருள் நிரப்பிச் சென்றால், நிலையத்தை அடைய இன்னும் 32 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 59 கிலோமீட்டர் இருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடும். அதனாற்றான், பகலில் பறக்கும் சிறு விமானம்கூடச் சேருமிடத்தை அடைந்த பின்னரும் 30 நிமிடம் பறக்கப் போதுமான எரிபொருளை மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன.

இக்கணக்கில் உள்ளவை கழித்தலும் வகுத்தலுமே. தொடக்கப்பள்ளியில் கற்ற கணக்குதான் ஆகாயத்தில் உயிரைக் காக்கிறது.

நம் மக்களுக்கு மற்றொரு பாடம் எளிதில் விளங்கும். மழை வருமா என்று வானத்தைப் பார்த்து அறிந்த பின்னரே மரம் வெட்டச் செல்வது பால்வெட்டுத் தொழிலாளியின் வழக்கம். காலையில் தெளிந்திருக்கும் வானத்தில் பிற்பகலில் கோபுரம்போல் எழும் கருமேகத்தை அவர் நன்கு அறிவார். விமானி அதே மேகத்தின் உட்புறத்தையும் கற்க வேண்டும். அதனுள் காற்று மேலும் கீழும் கடுவேகத்தில் பாய்கிறது. பெரிய விமானங்கள்கூட அதனைச் சுற்றிக்கொண்டே செல்கின்றன.

உரிமம் பெற்ற பின்னர்

வணிக விமானி உரிமம் வேலைக்கான உத்தரவாதம் அன்று. விமான நிறுவனம் ஒன்றில் சேர்ந்த பின்னும், அந்நிறுவனம் பயன்படுத்தும் விமான வகைக்குரிய பயிற்சியைப் பாவனைக் கருவியில் பெற வேண்டும். அதன்பின் அனுபவமிக்க தலைமை விமானியின் கண்காணிப்பில் பயணிகளுடன் பறந்து தேற வேண்டும். இவ்வாறு துணை விமானியாகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகே தலைமை விமானியின் இருக்கை கிட்டும்.

விமானத்துறை ஏற்றத்தாழ்வுகள் நிறைந்தது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது உலகெங்கும் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. பல்லாண்டு அனுபவம் பெற்ற விமானிகளும் வேலையிழந்தனர். புதிதாக உரிமம் பெற்ற இளைஞர் பலர் பிற தொழில்களை நாடினர். பின்னர் நிலைமை சீரடைந்தது. ஆனால், கடனுக்கான தவணை அந்த இடைக்காலத்திலும் நின்றுவிடாது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

செலவும் எச்சரிக்கையும்

சொந்தச் செலவில் பயில்வோர்க்கு மூன்று லட்சம் வெள்ளி அளவிலோ அதற்கு மேலோ செலவாகும். தோட்டத் தொழிலாளியின் வருமானத்தில் இத்தொகையைச் சேர்ப்பது இயலாத செயல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊழியர் சேமநிதி முழுவதையும் எடுத்து, இருக்கும் வீட்டையும் ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்புவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

அங்ஙனமாயின் வழி யாது? இரண்டு வழிகள் உள்ளன. விமான நிறுவனங்கள் காலத்திற்குக் காலம் பயிற்சி விமானிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. அவற்றின் நிபந்தனைகள் ஒரே மாதிரியானவை அல்ல. செலவை நிறுவனமே ஏற்கிறதா, பின்னர் ஊதியத்தில் பிடித்துக்கொள்கிறதா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பனவற்றை ஒப்பந்தத்தில் படித்தறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

மற்றொரு வழி அரச மலேசிய ஆகாயப் படை. அதன் விமானிகள் கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் உள்ள ஆகாயப் படைக் கல்லூரியில் பயிற்சி பெறுகின்றனர். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. அதற்கு ஈடாகக் குறித்த ஆண்டுகள் நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் இவ்வாயில் திறந்தே உள்ளது. மேஜர் பெட்ரிஷியா யாப் என்னும் மலேசியப் பெண்மணி மிக்-29 போர் விமானத்தையே ஓட்டியவர்.

தரகர்களைக் குறித்தும் விழிப்பாயிருத்தல் வேண்டும். "பணத்தைக் கட்டுங்கள், வேலை நிச்சயம்" என்று கூறுவோரை நம்ப வேண்டா. பயிற்சிக் கழகம் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதை ஆணையத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். கட்டணத்தை ஒரே தவணையாகச் செலுத்தாமல், பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்திற்கும் உரியதை அவ்வப்போது செலுத்துவது பாதுகாப்பானது. கழகம் இடையில் மூடப்பட்டாலும் இழப்பு குறையும்.

வேறு வாயில்கள்

விமானத்தைச் சார்ந்து வாழும் தொழில் ஓட்டுவது ஒன்றுமட்டுமன்று. பராமரிப்புப் பணி முடிந்த பின், விமானம் பறக்கத் தகுதியுடையது என்று கையொப்பமிடும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் உள்ளார். பந்திங் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பராமரிப்புப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. அரசாங்கக் கல்லூரியாதலால் கட்டணம் விமானிப் பயிற்சியோடு ஒப்பிடத்தக்கதன்று. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி என்பதும் பொறுப்பும் மதிப்பும் மிக்க பணியே. நிறக்குருட்டினாலோ பணமின்மையாலோ ஒரு கதவு மூடினால், பிள்ளையின் ஆர்வம் அத்துடன் மடிந்துவிட வேண்டியதில்லை. ஆயினும், இப்பணிகளுக்கும் உடற்தகுதி விதிகள் உண்டு என்பதால் அவற்றை முன்கூட்டியே கேட்டறிக.

பெற்றோர் கடமை

தோட்டத்தில் வாழும் தாய்தந்தையர் இன்றே செய்யக்கூடியவை சில உள்ளன. பிள்ளையின் கண்பார்வையையும் நிறமறியும் திறனையும் சோதிக்கச் செய்யுங்கள். கணிதத்தில் பின்தங்கினால் உடனே ஆசிரியரைச் சென்று காணுங்கள். பள்ளி நாளில் பிள்ளையை வேலைக்காட்டிற்கு அழைத்துச் செல்லாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரமேனும் தொலைக்காட்சியை நிறுத்தி, படிக்க இடமும் வெளிச்சமும் கொடுங்கள். இவற்றிற்குப் பணம் அதிகம் தேவையில்லை. பிள்ளை விமானி ஆகாமற் போனாலும் இவற்றில் ஒன்றும் வீணாகாது.

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நேரந்தவறாமல் சென்று, மரத்தின் உடலைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் அளவறிந்து சீவும் கை நம்முடையது. நேரந்தவறாமை, கவனம், அளவறிந்து செய்தல் என்னும் இம்மூன்றையுமே விமானப் பயிற்சியும் முதற்கண் கேட்கிறது. அவற்றை நம் பிள்ளைகள் வீட்டிலேயே கற்றிருக்கின்றனர். எஞ்சியதைப் பள்ளியில் கற்கச் செய்வது நம் பொறுப்பாகும்.